ஜீரோ நம்பர் மாஸ்க்

ஜூலை 8, திங்கள்

மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது. ஓடுகிறது, ஊரைக் கூட்டும் அளவுக்குச் சத்தம் போடுகிறது, தண்ணீர் மட்டும் தொட்டிக்கு ஏறவில்லை. பிளம்பருக்குப் போன் போட்டேன். "நாளைக்கு வாரேம்மா" என்றான். அவன் சொல்லும் நாளைக்கு எந்தக் காலண்டரிலும் கிடையாது. பக்கத்து வீட்டில் இரண்டு குடம் வாங்கிக் குளித்துவிட்டு டூட்டிக்குப் போனேன்.

அடுத்த திங்கள்கிழமை தரச்சான்று ஆய்வுக்குச் சென்னையிலிருந்து ஆள் வருகிறார்களாம். தலைமை டாக்டர் கோமதிநாயகம் மீட்டிங் போட்டார். போன தடவை சான்று கையை விட்டுப் போனதற்குக் காரணம் பிரசவ வார்டில் குறைந்த இரண்டு மார்க் என்று எல்லார் முன்னாலும் மறுபடி வாசித்தார். ஜீரோ நம்பர் மாஸ்க் கிழிந்திருந்ததாம். "சுகிர்தம் சிஸ்டர் வார்டுல" என்று என் பெயரைச் சேர்த்து வேறு சொன்னார். கூட்டிப் பெருக்குகிற பாக்கியம்கூட நின்றுகொண்டிருந்தாள். முப்பத்தொரு வருஷம் சர்வீஸ் பண்ணியவளுக்கு இது தேவைதான்.

கிழிந்த மாஸ்க்குக்குப் பதிலாக வேறு கேட்டு மூன்று தடவை ஸ்டோருக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அதை யாரும் வாசிக்கவில்லை.

மத்தியானம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்தேன். பிள்ளைகள் என்றால் ஒப்பந்த நர்சுகள். மூன்று பேரில் இசக்கியம்மாள் ஒருத்திதான் கவனிக்கிறாள். பொம்மையை வைத்து அவளுக்கு அமுக்கிக் காட்டினேன். பிறந்த பிள்ளை தானாக மூச்சு விடாவிட்டால் ஆம்பு பையை அமுக்கி நாம் காற்றை உள்ளே அனுப்பவேண்டும். பையின் முனையில் மாட்டும் மாஸ்க், மூக்கையும் வாயையும் மட்டும் மூடவேண்டும். கண்ணில் ஏறினாலும் தாடைக்குக் கீழே இறங்கினாலும் காற்றெல்லாம் வெளியே போய்விடும், நெஞ்சு எழும்பாது. நிறைமாதப் பிள்ளைக்கு ஒன்றாம் நம்பர், குறைமாதத்துக்கு ஜீரோ. "அமுக்கு, ரெண்டு, மூணு" என்று எண்ணச் சொன்னேன். நன்றாகச் செய்கிறாள். பதற்றம் மட்டும் கொஞ்சம் உண்டு.

ஜூலை 10, புதன்

நேரே மெடிக்கல் காலேஜ் ஸ்டோருக்கே போய், உட்கார்ந்து, கெஞ்சி, சண்டை போட்டு ஒரு ஜீரோ மாஸ்க் வாங்கி வந்துவிட்டேன். ஒன்றுதான் கொடுத்தார்கள். பளிங்கு மாதிரி இருக்கிறது. பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காமல் அப்படியே இன்ஸ்பெக்ஷன் ட்ரேயில் வைத்தேன்.

இன்ஸ்பெக்ஷன் ட்ரே என்பது எங்கள் ஆஸ்பத்திரியில் யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. வேலை செய்ய ஒரு ட்ரே, காட்டுவதற்கு ஒரு ட்ரே. காட்டுகிற ட்ரே பீரோவில் இருக்கும். நான் ஆரம்பித்தது இல்லை, எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர்களும் இப்படித்தான் வைத்திருந்தார்கள்.

இசக்கி வந்து நின்றாள். "அக்கா, இத வெளிய டூட்டி ட்ரேல வைக்கட்டா?" என்றாள்.

"ஏட்டி, கைய வச்சேன்னா ஒடிச்சிருவேன். திங்கக்கெழம முடியட்டும்."

"அதுக்குள்ள கொறமாசம் ஏதும் வந்துட்டா?"

"வந்தா மெடிக்கல் காலேஜுக்கு ஏத்தி விடு. கொறமாசத்த இங்கன வச்சு எவ பாக்கச் சொன்னா?"

பூட்டிச் சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மற்ற நாளில் ஆணியில் தொங்கும். யாராவது தொட்டுத் தொலைப்பார்கள்.

ஜூலை 11, வியாழன்

இன்று ஒரு குறைமாதம். இருபத்தொன்பது வாரம், பெண். இறந்தே பிறந்தது. தாய் முப்பிடாதி, இருபத்திரண்டு வயது, பீடி சுற்றுகிறவள், தலைச்சன். வலி முற்றி, பனிக்குடம் உடைந்து, மெடிக்கல் காலேஜுக்கு அனுப்ப நேரமில்லாமல் வந்து சேர்ந்தாள். லேடி டாக்டர் தியேட்டரில் ஒரு சிசேரியனில் இருந்தார். வார்டில் இசக்கி மட்டும்.

நான் அந்த நேரத்தில் வார்டில் இல்லை. ஆய்வுக்கான போஸ்டர்களைச் சரிபார்க்க பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன், டாக்டர் சொல்லித்தான். போன் பைக்கு அடியில் கிடந்தது.

பிளம்பர் வரவில்லை. தயிர்சோறு.

ஜூலை 12, வெள்ளி

டாக்டர் கோமதிநாயகம் காலையிலேயே அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் முப்பிடாதியின் கேஸ் ஷீட் இருந்தது.

"என்ன சிஸ்டர் இது? அந்தப் பொண்ணு கத எழுதி வச்சிருக்கு. ஹார்ட் ரேட் எண்பதுங்கா, திணறி மூச்சு இழுத்துச்சுங்கா, ரெண்டு பதினாறுக்கு சாவிக்குப் போன் அடிச்சேங்கா. உயிரோட பொறந்து செத்துதுன்னா சிசு மரண விசாரணை வரும். திங்கக்கெழம ஆய்வு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"என்ன எழுதணும் சார்?"

"இறந்து பிறந்ததுன்னு ஒரு வரி. நேத்து ரிஜிஸ்டர்ல நான் அப்படித்தான் போட்டுட்டேன். இந்தப் பக்கத்த மட்டும் மாத்தி எழுதிருங்க. உங்க கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

உண்மைதான். இசக்கி எழுதியது முழுக்க அடித்தலும் திருத்தலுமாக இருந்தது. இரண்டு இடத்தில் மை தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கிறது. ஆய்வுக்கு வருகிறவர்கள் கையில் இப்படி ஒரு பக்கத்தைக் கொடுக்கமுடியாது. அந்த ஒரே காரணத்துக்காக மாற்றி எழுதினேன். பத்து வரி, ஒரு அடித்தல் இல்லை.

பழைய பக்கத்தைக் கிழித்துப்போட மறந்துவிட்டேன். இந்த டைரிக்குள் கிடக்கிறது.

வார்டில் ரவுண்ட்ஸ் போனபோது முப்பிடாதி எழுந்து உட்கார்ந்து என் முந்தானையைப் பிடித்தாள். "நர்சம்மா, எம்புள்ள அழுதுச்சா?"

"அழலம்மா."

அதில் பொய் இல்லை. அழவில்லை. இசக்கி ஊசி மருந்து ட்ரேயோடு அந்தப் பக்கம் நின்றவள், ட்ரேயை வைத்துவிட்டுப் போய்விட்டாள். டூட்டி நேரத்தில் இதெல்லாம் எனக்குப் பிடிக்காது.

ஜூலை 13, சனி

பிளம்பர் ஒருவழியாக வந்தான். மோட்டாரில் கோளாறு இல்லையாம். "எங்கனயோ காத்து லீக் ஆவுதும்மா. எவ்வளவு நேரம் ஓடுனாலும் தண்ணி ஏறாது" என்று சொல்லிக் குழாயைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு, வாஷர் வாங்கப் போனான். போனவன் போனவன்தான்.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனைக்குப் போனேன். பாஸ்டர் ஐயர் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. போஸ்டர்களை ஒட்டினோம். ட்ரேயை ஒரு தடவை எடுத்துத் துடைத்துச் சரிபார்த்தேன். கவருக்குள் மாஸ்க் புதிது மாதிரியே இருக்கிறது.

முப்பிடாதியை டிஸ்சார்ஜ் பண்ணியாயிற்று. ஆய்வு நாளில் அப்படி ஒரு முகம் வார்டில் வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். வேண்டாம்தான்.

ஜூலை 15, திங்கள்

ஆய்வு முடிந்தது. சென்னையிலிருந்து வந்த மேடம் பீரோவைத் திறக்கச் சொன்னார். ட்ரேயில் ஒவ்வொன்றாக எண்ணினார். ஜீரோ மாஸ்க்கை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"புதுசா? இன்னும் யூஸ் பண்ணவே இல்லையா?"

"இல்ல மேடம்" என்றேன்.

"குட். மெயின்டனன்ஸ்னா இதுதான்" என்று கூட வந்தவரிடம் சொன்னார்.

பிறகு யாராவது ஒரு நர்ஸ் பொம்மையில் செய்து காட்டட்டும் என்றார். நான் வேறு ஒருத்தியைக் கூப்பிடுவதற்குள் அவரே இசக்கியைக் கைகாட்டிவிட்டார். இசக்கி மாஸ்க்கை மாட்டினாள், பொம்மையின் தலையைச் சாய்த்து வைத்தாள், அமுக்கினாள். அமுக்கு, ரெண்டு, மூணு. அமுக்கு, ரெண்டு, மூணு. பொம்மையின் நெஞ்சு அழகாக எழும்பி இறங்கியது. மேடம் போதும் என்று சொன்னார். அவள் நிறுத்தவில்லை. இன்னொரு தடவை போதும் என்றார். நான் போய்க் கையைப் பிடித்து நிறுத்தவேண்டியதாயிற்று. மாஸ்க்கை என் கையில் வைத்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போனவள் அவர்கள் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.

மானத்தை வாங்கப் பார்த்தாள். ஆனாலும் முழு மார்க்.

ஜூலை 20, சனி

இசக்கி வீட்டுக்கு வந்தாள். மாவு அரைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வா என்றதற்கு வரவில்லை. கழற்றிப் போட்ட குழாயைத் தாண்டாமல் வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நான் அன்னைக்கு நாலு தடவ போன் அடிச்சேன். ரெண்டு பதினஞ்சு, பதினாறு, பதினெட்டு, இருவத்தொண்ணு. நாலாவதுக்குத்தான் எடுத்திய."

"பைக்கு அடியில கெடந்துச்சு, கேக்கல."

"மொத தடவ கட் பண்ணியளேக்கா."

கிரைண்டரை நிறுத்தினேன். மாவு இன்னும் பதம் வரவில்லை, ஆனாலும் நிறுத்தினேன்.

"ஒரு பீரோவ ஒடைக்கத் தெரியாதா ஒங்களுக்கு? கத்திரி இல்லியா, கம்பி இல்லியா?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்டது, தெருவுக்கே கேட்டிருக்கும்.

"பாக்கியம் அக்கா கல்ல எடுத்துட்டுதான் வந்தா. நாந்தான் வேண்டாம்னு சொன்னேன். ஒடைச்சிருந்தா எங்கள உசுரோட விட்டிருப்பியளாக்கா? அத நெனச்சேன். அந்த நேரத்துல போய் உங்க சத்தத்த நெனச்சுட்டேன். ஒண்ணா நம்பர வச்சு அமுக்குனேன். மூஞ்சி பூரா மூடிட்டு. கண்ணு வழியா காத்து போவுது, நெஞ்சு அசையவே மாட்டேங்கு."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. கேஸ் ஷீட்டை யார் மாற்றியது என்று கேட்பாள் என்று பார்த்தேன். அதையும் கேட்கவில்லை. அந்தக் கையெழுத்தைக் கண்டுபிடிக்க எங்கள் ஆஸ்பத்திரியில் யாருக்கும் விசாரணை தேவைப்படாது.

சரி, எழுதிவிடுகிறேன். முதல் தடவை நான்தான் கட் பண்ணினேன். கையில்தான் இருந்தது போன். டீக்குப் போகட்டுமா, அரை நாள் லீவு கிடைக்குமா என்று கேட்கத்தான் அடிக்கிறாள் என்று நினைத்தேன். கடைக்காரனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். 'பொன்னான முதல் நிமிடம்' என்று போஸ்டர். பிறந்த ஒரு நிமிடத்துக்குள் மூச்சு கொடுக்கவேண்டும் என்று பெரிதாகப் போட்டிருக்கும். அதில் அவன் வெள்ளைக்காரப் பிள்ளை படத்தைப் போட்டுவிட்டான். நம்ம ஊர்ப் பிள்ளை படம் போடு என்று நான் நின்றுகொண்டிருந்தேன். கறுப்பாக, கொழுகொழுவென்று ஒரு படம் கிடைக்கிறவரை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். இரண்டாவது, மூன்றாவது தடவை அடித்தபோது போனைத் திருப்பி மேஜையில் கவிழ்த்து வைத்தேன்.

மாவு புளிக்கவில்லை. இட்லி கல்.

ஜூலை 31, புதன்

இசக்கிக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கவில்லை. பதிவேடு பராமரிப்பு சரியில்லை என்று காரணமாம். டாக்டர் என்னிடம் அபிப்பிராயம் கேட்டார். நல்ல பிள்ளை, பதற்றத்தில் கை கொஞ்சம் நடுங்கும் என்று சொன்னேன். இரண்டுமே நிஜம். அவர் இரண்டாவதை மட்டும் எழுதிக்கொண்டார். எதை எழுதிக்கொள்வார் என்று எனக்குத் தெரியாதா?

போகும்போது எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடம் வரவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சான்று வந்துவிட்டது. தொண்ணூற்றொன்று மார்க். கேக் வெட்டி, ஆளாளுக்குச் சால்வை போட்டுக்கொண்டார்கள். எனக்கும் ஒன்று போட்டார் டாக்டர். "நம்ம வார்டோட தூணு" என்றார். போட்டோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சால்வை துணி நன்றாக இல்லை, சாயம் போகும்.

ஆகஸ்ட் 22, வியாழன்

முப்பிடாதி ஆறாவது வாரச் செக்கப்புக்கு வந்தாள். கணக்கு வைத்துக்கொண்டு சரியாக வந்திருக்கிறாள். கையில் பிள்ளையோடு வந்த நான்கு பேருக்கு நடுவே பெஞ்சில் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வருவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ச் சுவரில் அந்தப் போஸ்டர்.

ரத்த அழுத்தம் பார்க்க உட்கார வைத்தேன். கையில் பட்டையைச் சுற்றும்போது கேட்டாள்.

"பொறந்து ஒரு நிமிசத்துக்குள்ள மூச்சு குடுக்கணும்னு போட்டிருக்கே நர்சம்மா. எம்புள்ளைக்குக் குடுத்தாவளா?"

"அது உசுரோட பொறக்குற பிள்ளைக்கும்மா. ஒன்னோடது…"

"இல்லன்னு சொல்லாதீய." சத்தமே உயர்த்தவில்லை. "நான் டேபிள்ல படுத்துக்கிட்டு எல்லாத்தயும் பாத்துக்கிட்டுத்தான் கெடந்தேன். அந்தச் சின்ன நர்சு அமுக்குச்சு. பொறவு நீங்க வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்திய. பீரோவத் தொறந்திய. வேற ஒண்ண எடுத்து மாட்டி நீங்க அமுக்குனிய. எண்ணுனிய. நானும் உங்க கூடச் சேந்து எண்ணுனேன். செத்த புள்ளைக்கு எதுக்கு நர்சம்மா காத்து?"

பட்டையில் காற்று ஏற்றிக்கொண்டே இருந்தேன். அவள் "வலிக்கு" என்றாள்.

"அது ஆஸ்பத்திரி வழக்கம், எல்லாப் பிள்ளைக்கும் செஞ்சு பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். அவளுடைய அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கவே இல்லை. நூற்றுப்பத்து எழுபது என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

லீவு போட்டேன். முழங்கால் வலி என்று சொன்னேன்.

ஜூலை பதினொன்று பற்றி எழுதியதில் பாதிதான் எழுதினேன். மீதி இது.

நாலாவது போனை எடுத்ததும் ஆட்டோ பிடித்தேன். இரண்டு முப்பத்தெட்டுக்கு வார்டுக்குள் நுழைந்தேன். இசக்கி ஒன்றாம் நம்பர் மாஸ்க்கை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாக்கியத்தைப் பையை அமுக்க விட்டிருந்தாள். டாக்டர் கோமதிநாயகத்தைக் கூப்பிட மாடிக்குப் போனவளும் பாக்கியம்தான். அங்கே வீடியோ மீட்டிங், பெரிய அதிகாரிகள் எல்லாம் திரையில். டாக்டர் வாசலிலேயே கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்.

பிள்ளை நீலம் பாரித்துக் கிடந்தது. ஆயிரத்து நூறு கிராம். ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். இருந்தது. மெதுவாக, விட்டு விட்டு, ஆனால் இருந்தது. முப்பத்தொரு வருஷமாகக் கேட்கிற சத்தம், அதில் எனக்குத் தப்பு வராது.

பீரோவைத் திறந்தேன். கவரைப் பிரித்தேன். ஜீரோவை மாட்டி அமுக்கினேன். முதல் அமுக்கிலேயே நெஞ்சு எழும்பியது. அவ்வளவு சுலபமாக எழும்பியது. இசக்கி "அக்கா, ஏறுது, ஏறுது" என்று கத்தினாள். கொஞ்ச நேரத்துக்கு உதட்டில் ஒரு சிவப்புகூட வந்தது. தானாக ஒரு மூச்சு இழுத்தது. நான் பார்த்தேன். எட்டு நிமிடம் அமுக்கினேன். இரண்டு நாற்பத்தாறுக்குத் துடிப்பு நின்றுவிட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் காற்று இல்லாமல் கிடந்த உடம்பு, அதற்குமேல் எங்கே தாங்கும்?

டாக்டர் இரண்டு ஐம்பதுக்கு இறங்கி வந்தார்.

இன்னும் ஒன்று இருக்கிறது. பிள்ளையைத் துணியில் சுற்றிக் கிடத்திவிட்டு நான் அடுத்ததாகச் செய்தது, மாஸ்க்கைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவியதுதான். மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டேன், துடைத்தேன், பழைய கவருக்குள் போட்டு வாயை மடித்து ஒட்டினேன். ஆய்வு இருக்கிறதே என்று. பிள்ளையின் உடம்பில் சூடு இறங்கவில்லை. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. கை தானாகச் செய்தது.

யூஸ் பண்ணவே இல்லையா என்று அந்த மேடம் கேட்டபோது இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. இசக்கியின் பக்கத்தை எடுத்துக்கொண்டு மினி பஸ்ஸில் முப்பிடாதியின் ஊருக்குப் போனேன்.

வாசல் நடையில் தட்டை மடியில் வைத்து பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை, உட்காரவும் சொல்லவில்லை. புருஷன் கேரளாவில் கொத்தவேலைக்குப் போயிருக்கிறானாம். நானாகப் படியில் உட்கார்ந்து பக்கத்தை நீட்டினேன்.

"இங்கிலீசுல இருக்கு" என்றாள். "வாசிங்க."

வாசித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். இரண்டு பதினாலு, பெண் குழந்தை பிறந்தது, திணறி மூச்சு இழுக்கிறது, நெஞ்சு நிமிடத்துக்கு எண்பது தடவை அடிக்கிறது. இரண்டு பதினைந்து, ஒன்றாம் நம்பர் மாஸ்க் வைத்தேன், நெஞ்சு எழும்பவில்லை. இரண்டு பதினாறு, பீரோ சாவிக்குப் போன் போட்டேன். அப்புறம் அந்தப் பக்கத்தில் இல்லாததையும் சொன்னேன். சாவி என் கைப்பையில் இருந்தது, போனைக் கட் பண்ணியது, ஜீரோ மாஸ்க், இரண்டு நாற்பத்தாறு. கத்திரி நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லா இலையும் ஒரே அளவில் விழுந்துகொண்டிருந்தன.

"அப்ப முப்பத்திரெண்டு நிமிசம் இருந்திருக்கு" என்றாள்.

"ஆமா."

"செத்துப் பொறந்ததுக்குப் பேரு வைக்கக் கூடாதுன்னு எங்க மாமியா சொல்லிட்டாவ. குழியில போடும்போதுகூடப் பேர் சொல்லிக் கூப்பிட விடல. இப்பம் வைக்கலாம்லா?"

"வைக்கலாம்."

கத்திரி நின்றது. "நீங்க சாவிய வச்சிக்கிட்டு எங்க இருந்திய?"

"அந்தப் போஸ்டர் அடிக்கிற கடையில. அதுல பிள்ளை படம் சரியில்லன்னு மாத்திக்கிட்டு இருந்தேன்."

"அந்தப் படத்துல இருக்கது யாரு புள்ள?"

"தெரியாது."

திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். நானாக இருந்தால் மண்ணை வாரித் தூற்றியிருப்பேன். அவள் அந்தப் பக்கத்தை வாங்கி நாலாக மடித்து, பீடிப் பாஸ்புத்தகம் வைக்கும் தகர டப்பாவுக்குள் வைத்தாள்.

"இதக் காட்டுனா நம்புவாவளா?"

"நான் வந்து சொல்லுதேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

"இப்ப வருவிய" என்றாள். "அன்னைக்கு வரல."

எழுந்தேன். காலில் உண்மையாகவே வலி இருந்தது. படி இறங்கும்போது வாய் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

"என்ன பேரு வைக்கப் போற?"

அவள் அடுத்த இலையை எடுத்து நறுக்க ஆரம்பித்திருந்தாள்.

"அது உங்களுக்கு எதுக்கு?"

ஆகஸ்ட் 26, திங்கள்

மோட்டார் ஓடுகிறது. வாஷரை மாற்றினான், ஐந்து நிமிட வேலை.

சாவியை ஆணியில் மாட்டினேன். ஜீரோ மாஸ்க்கை டூட்டி ட்ரேயில் போட்டேன். பாக்கியம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நடந்ததை நான்கு பக்கம் எழுதி டாக்டர் கோமதிநாயகத்திடம் கொடுத்தேன். நின்றுகொண்டே வாசித்தார். "ரிட்டயர்மென்டுக்கு எட்டு மாசம் இருக்கு சிஸ்டர். எதுக்கு இதெல்லாம்?" என்று மேஜை டிராயரில் போட்டுச் சாத்தினார். கை தானாகப் பூட்டியது, அவருக்கும். இன்னொரு பிரதி மத்தியானமே ரிஜிஸ்டர் தபாலில் மாவட்ட அலுவலகத்துக்குப் போய்விட்டது. அதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இசக்கிக்குப் போன் போட்டேன். எடுத்தாள். கொச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம். எல்லாவற்றையும் சொன்னேன், தபாலில் போட்டதையும் சொன்னேன். அவள் "சரிக்கா" என்றாள். பிறகு, "இங்க ஜீரோ நம்பர் டேபிள் மேலயே கெடக்குக்கா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அந்தத் தபாலோடு ஒரு படிவமும் இணைக்கவேண்டியிருந்தது. சிசு மரண அறிக்கை. பிறந்த நேரம் எழுதினேன். எடை எழுதினேன். இறந்த நேரம், இரண்டு நாற்பத்தாறு. தாயின் பெயர், ஊர். காரணம் என்ற இடத்தில் சாவி என் கைப்பையில் இருந்தது என்று எழுதினேன்.

குழந்தையின் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவை அதன்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர் இருக்கிறது. எனக்குத்தான் தெரியாது. அந்தக் கட்டத்தை அப்படியே விட்டுவிட்டு உறையை ஒட்டினேன்.